23-ஆம் தேதி வரும் படபடப்பு: உங்க டென்ஷன் இந்த மூணு வகையில் எது?



ஒரு சின்னக் கேள்வி. இதைப் படிக்கிற இன்னைக்கு தேதி என்ன?

3-ஆம் தேதி என்றால் ஓரளவு நிம்மதியா இருப்பீங்க. சம்பளம் வந்திருக்கும், வீட்டுக்குப் பணம் அனுப்பியிருப்பீங்க, பிரியாணி சாப்பிட யார் கூப்பிட்டாலும் கிளம்பிடுவீங்க. 23-ஆம் தேதி என்றால் கதை வேற. பேங்க் ஆப்பைத் திறக்கவே மனசு வராது. தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் எடுக்கத் தோணாது. ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாலே "என்ன செலவோ" என்று முதலில் ஒரு பயம் வரும். ஆள் அதே ஆள். வேலை அதே வேலை. மேனேஜர்கூட அதே மேனேஜர்தான். மாறினது தேதி மட்டும்.

மன அழுத்தத்துக்கு நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் இந்தத் தேதி வரவே வராது. மூச்சை இழுத்து விடு, காலையில் நட, ராத்திரி போனைத் தள்ளி வை, எட்டு மணி நேரம் தூங்கு. எதுவும் தப்பில்லை, செய்யலாம். ஆனால் 5-ஆம் தேதி போக வேண்டிய இ.எம்.ஐ-க்கு அக்கவுண்டில் காசு இல்லாதவருக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் போன் வெளிச்சம் இல்லை.

என் கருத்தை நேரடியா சொல்லிடறேன். மாதச் சம்பளக்காரர்களின் மன அழுத்தத்தில் ஒரு பெரிய பங்கு கணக்குப் பிரச்சினை. அதை வெறும் மனப் பிரச்சினையாகப் பார்ப்பதால், தீர்க்க முடிந்ததும் தீராமல் கிடக்கிறது. கூடவே, "எல்லாரும் சமாளிக்கிறாங்க, நான்தான் வீக்" என்று தன்னையே திட்டிக்கொள்ளும் பழக்கமும் வந்துவிடுகிறது. ஒரு ஆடிட்டராக எனக்குப் பொறுக்காத விஷயம் அதுதான். வரவு செலவு இடிக்கும் இடத்தில் குணத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

விழுப்புரம் கரும்புக் காட்டில் ஒரு பரிசோதனை

பணக் கவலை மூளையை என்ன செய்யும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கு. நடந்தது நம்ம ஊரில்தான். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ என்ற நான்கு ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். முடிவு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

கரும்பு விவசாயிக்குப் பணம் பெரும்பாலும் வெட்டு முடிந்த பிறகுதான் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை வறண்டிருக்கும், நகை அடகுக்குப் போயிருக்கும், கைமாற்று வாங்கியிருப்பார்கள். வெட்டு முடிந்து பணம் வந்ததும் எல்லாம் கொஞ்சம் தெளியும். ஆய்வாளர்கள் ஒரே விவசாயிக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் யோசிக்கும் திறனைச் சோதிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு அதே மனிதர் தெளிவாக நன்றாகச் செய்தார். பணத்துக்கு முன் தடுமாறினார். ஆலையின் அரவைத் திறனைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் வெட்டு தேதி வேறுபடும். அதனால் "அந்த மாசம் வெயில் அதிகம், வேலை அதிகம்" என்றெல்லாம் சொல்லித் தள்ளிவிடவும் முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, வெட்டுக்கு முன் அந்த விவசாயி முட்டாளாகிவிடவில்லை. தலைக்குள் பின்னணியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கு, மற்ற வேலைக்கு இடமில்லை. போனில் இருபது ஆப் திறந்திருந்தால் போன் ஸ்லோ ஆகும், அந்த மாதிரி.

விவசாயிக்கு வருஷத்துக்கு ஒரு அறுவடை என்றால் நமக்கு மாசம் ஒரு அறுவடை. ஆஃபீஸ் மீட்டிங்கில் கவனம் சிதறுவது, சின்ன விஷயத்துக்கு வீட்டில் எரிந்து விழுவது, அவசரத்தில் ஏதோ ஒரு லோன் ஆப்பில் "ஓகே" தட்டுவது, இதெல்லாம் 3-ஆம் தேதியைவிட 23-ஆம் தேதி அதிகமா நடந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மோசமான பண முடிவுகள் பணம் இல்லாத நாளில்தான் எடுக்கப்படுகின்றன. அந்த முடிவு அடுத்த மாசத்தை இன்னும் இறுக்கும். இந்தச் சக்கரத்தை எங்கேயாவது ஒரு இடத்தில் நிறுத்தணும்.

நிறுத்த, முதலில் உங்க பிரச்சினை எந்த வகை என்று தெரியணும். நான் மூணு வகையாகப் பிரிப்பேன். மூணுக்கும் மருந்து வேற வேற.

முதல் வகை: தேதி இடிக்குது

வருமானம் போதும், செலவும் அளவாத்தான் இருக்கு, ஆனாலும் மாசக் கடைசியில் கை வறளுது. சம்பளம் மாதக் கடைசி நாள் வரும். வாடகை 5-ஆம் தேதி, பைக் இ.எம்.ஐ 7, வீட்டுக்கு அனுப்புவது 10, கார்டு பில் 18, எஸ்.ஐ.பி 20. நடுவில் இருக்கும் பணத்தைப் பார்த்து "இன்னும் இருக்கே" என்று செலவாகிவிடும். 18-ஆம் தேதி இடிக்கும்.

இது மூணிலும் சுலபமானது, ஆனாலும் பல வருஷம் இதிலேயே தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு இ.எம்.ஐ பவுன்ஸ் ஆனால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்த கம்பெனி இன்னொரு பக்கம் அபராதம் போடும். இரண்டும் சேர்ந்து பல இடங்களில் 1,000 ரூபாயைத் தாண்டும். சிபில் ஸ்கோரிலும் அடி விழும். பணம் இருந்தும், தேதி தப்பியதற்காகக் கட்டும் தண்டம் இது.

செய்ய வேண்டியது மூணு:

- எல்லாக் கட்டாயச் செலவையும் சம்பளம் வந்த முதல் 7 நாளுக்குள் கொண்டு வாங்க. எஸ்.ஐ.பி தேதியை நீங்களே மாத்திக்கலாம். கிரெடிட் கார்டின் பில்லிங் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைத் தரணும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கஸ்டமர் கேரில் கேளுங்க. இ.எம்.ஐ தேதியைச் சில கம்பெனிகள் மாத்தித் தரும், கேட்டால்தான் தெரியும்.
- இரண்டு அக்கவுண்ட் வைங்க. சம்பளம் வந்த அன்னைக்கே வாடகை, இ.எம்.ஐ, வீட்டுக்கு அனுப்ப வேண்டியது எல்லாவற்றின் கூட்டுத்தொகையையும் ஒரு அக்கவுண்டுக்கு மாத்திடுங்க. அந்த அக்கவுண்டை யூ.பி.ஐ-இல் சேர்க்கவே சேர்க்காதீங்க.
- மிச்சப் பணத்தை நாலு வாரமாகப் பிரிச்சு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் உங்களுக்கு நீங்களே வாரக்கூலி கொடுங்க. செலவுக்கு 12,000 ரூபாய் மிச்சம் என்றால் வாரம் 2,800. மீதி 800 மாசக் கடைசிக்கு. ஒரு வாரம் தப்பினாலும் நஷ்டம் அந்த வாரத்தோடு போகும்.

இரண்டாவது வகை: வட்டி தின்னுது

ஒழுங்காக் கட்டிக்கொண்டே இருக்கீங்க. ஆனால் கடன் குறையவே இல்லை. பெரும்பாலும் இதன் பின்னால் இருப்பது கிரெடிட் கார்டின் 'மினிமம் டியூ'.

ஊரில் யாராவது மூணு வட்டிக்குப் பணம் வாங்கினால் நாம் என்ன பேசுவோம்? "ஐயோ, மூணு வட்டியா? மாட்டிக்கிட்டான்யா" என்போம். நூறு ரூபாய்க்கு மாசம் மூணு ரூபாய், வருஷத்துக்கு 36%. சரி, பாக்கி வைத்தால் உங்க கார்டு என்ன வட்டி போடுது என்று பார்த்திருக்கீங்களா? மாதம் 3.5%, 3.75% போடும் கார்டுகள் இங்கே சாதாரணம். நம்ம ஊர் பாஷையில் அது மூன்றரை வட்டி. அதற்கு மேல் வட்டித் தொகை மீது 18% ஜி.எஸ்.டி வேற. ஏ.சி ஆஃபீஸில், பளபளப்பான அட்டையில், ஆங்கிலத்தில் வருவதால் அது மூன்றரை வட்டியாக நமக்குத் தெரிவதில்லை.

கணக்கு போடலாம். பாக்கி 60,000 ரூபாய். மாத வட்டி 3.5%, அதாவது 2,100. அதன் மேல் ஜி.எஸ்.டி 378. ஆக 2,478. மினிமம் டியூ 5% என்று வைத்தால் 3,000 ரூபாய் கட்டுவீங்க. அதில் உண்மையான கடனில் கழிவது 522 ரூபாய் மட்டும். கார்டை இனிமேல் தேய்க்காமல், ஒவ்வொரு மாசமும் அதே 3,000 விடாமல் கட்டினாலும் தோராயமா 43 மாசம் ஆகும், மொத்தம் கட்டியது 1.3 லட்சம். பாக்கி முழுசாத் தீரும் வரை, புதுசா வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். பலருக்கு இது தெரியாது.

இப்போ இதே 60,000-ஐ 14% வட்டியில் 24 மாத பர்சனல் லோனாக மாத்தினால் இ.எம்.ஐ சுமார் 2,881. நீங்க ஏற்கெனவே கட்டும் 3,000-ஐவிடக் குறைவு. இரண்டு வருஷத்தில் முடியும், மொத்தம் சுமார் 69,000. பிராசஸிங் கட்டணம் கொஞ்சம் சேரும், அதைக் கேட்டுக்கோங்க. வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் இன்னும் மலிவு. நகையை அடகு வைப்பதை அவமானமாகவும், மூன்றரை வட்டிக்குக் கார்டு பாக்கி வைப்பதை நாகரிகமாகவும் பார்ப்பது எனக்குப் புரியாத விஷயம்.

ஒரே நிபந்தனை: மாத்தின அன்னைக்கே கார்டைப் பூட்டிடணும். லோனும் எடுத்து, கார்டையும் திரும்பத் தேய்த்தால் ஆறு மாசத்தில் இரண்டு கடன்.

இன்னொன்று. கடனை அடைக்க ஆப்ஷன் டிரேடிங் பக்கம் போகாதீங்க. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று வருஷத்தில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வே சொல்லுது. 23-ஆம் தேதி மனநிலையில் அந்த ஆப்பைத் திறப்பது எரியும் வீட்டில் பெட்ரோலைத் தேடுவது போல.

மூன்றாவது வகை: பத்தலை

இதுதான் கஷ்டமானது. இங்கே நான் இனிப்பாப் பேசப் போவதில்லை.

கையில் வரும் சம்பளம் 38,000 என்று வைப்போம். ரூம் வாடகையும் சாப்பாடும் 11,000. வீட்டுக்கு 12,000. பைக் 4,500. தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த லோன் 9,500. கூட்டினால் 37,000. பெட்ரோல், போன் ரீசார்ஜ், மருந்து, துணி, நண்பன் கல்யாண மொய் எல்லாத்துக்கும் மிச்சம் 1,000 ரூபாய். இவர் மாசம் ஐயாயிரம் கார்டில் தேய்க்கிறார் என்றால் அது ஊதாரித்தனம் இல்லை. எந்தத் தேதி மாற்றமும், எந்த எக்செல் ஷீட்டும் இவரைக் காப்பாற்றாது. இவரிடம் போய் "டீ செலவைக் குறை, சப்ஸ்கிரிப்ஷனை நிறுத்து" என்று சொல்வது அறிவுரை கிடையாது, அவமானப்படுத்துவது.

இவருக்கு முன்னால் நாலு கதவு இருக்கு. எதுவும் சுகமான கதவு இல்லை. லோனின் காலத்தை நீட்டி இ.எம்.ஐ-ஐக் குறைக்கலாம். மொத்த வட்டி கூடும், அது தெரிந்தே எடுக்கும் முடிவு. இ.எம்.ஐ தவறுவதற்கு முன்பே கேட்டால் கடன் கொடுத்தவர் காது கொடுப்பார், மூணு பவுன்ஸுக்கு அப்புறம் கேட்டால் கஷ்டம். இரண்டாவது, ஏதாவது ஒரு சொத்தை விற்பது அல்லது அடகு வைப்பது. மூணாவது, வீட்டுக்கு அனுப்பும் தொகையைப் பற்றி வீட்டில் பேசுவது. நாலாவது, வருமானத்தைக் கூட்டுவது. வேலை மாறுவதோ, அப்ரைசலில் எண்ணைச் சொல்லிக் கேட்பதோ, சனி ஞாயிறில் தெரிந்த வேலை ஒன்று எடுப்பதோ. இந்த நாலில் எதையும் செய்யாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தால் மூச்சு சீராகும், கடன் சீராகாது.

உங்க வகையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூணு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், கார்டு ஸ்டேட்மெண்ட், லோன் பாக்கி. இந்த மூணு போதும். ஒவ்வொரு மாசமும் சம்பளம் வருவதற்கு முந்தைய நாள் மொத்தக் கடன் எவ்வளவு என்று எழுதுங்க. சிலருக்கு அது ஒழுங்காக் குறைஞ்சுக்கிட்டே வருது, கார்டு பாக்கியும் இல்லை, ஆனாலும் மாச நடுவில் தவிப்பு. அது தேதிப் பிரச்சினை. சிலர் கட்டின தொகை பெரிசு, குறைந்த கடன் சிறுசு. அது வட்டிப் பிரச்சினை. ஆஸ்பத்திரி, கல்யாணம் மாதிரி எந்தப் பெரிய செலவும் இல்லாமலே மூணு மாசமும் மொத்தக் கடன் ஏறுது என்றால் அது பத்தாக்குறை.

இரண்டு வகை கலந்தும் இருக்கலாம். அப்போ முதலில் வட்டியை நிறுத்துங்க.

ஃபைனான்ஸ் பேச்சும் ஒரு பிரஷர்தான்

இதையும் சொல்லியாகணும். யூடியூபைத் திறந்தால் "25 வயசுக்குள்ள ஆரம்பிக்கலைன்னா கோடியை இழந்துட்டீங்க", "30 வயசுல ஒரு கோடி இல்லையா?" என்று தம்ப்நெயில்கள் அலறுகின்றன. இன்ஸ்டாகிராமில் கூடப் படித்தவன் கார் சாவியோடு நிற்கிறான், அந்தக் காரின் இ.எம்.ஐ மட்டும் போட்டோவில் தெரியாது. பத்தாக்குறையில் இருக்கும் ஒருத்தர் இதையெல்லாம் பார்த்து, கார்டில் பாக்கி வைத்துக்கொண்டு எஸ்.ஐ.பி கட்டுகிறார். 42% வட்டி கட்டிக்கொண்டே, 12% வரும் என்ற நம்பிக்கையில் முதலீடு. இது சேமிப்பு இல்லை, கையில் இருக்கும் பணத்தைக் கரைப்பது.

கார்டு பாக்கி இருக்கும்வரை எஸ்.ஐ.பி-ஐ நிறுத்தி வைப்பதில் ஒரு பாவமும் இல்லை. 'பாஸ்' வசதி பல ஃபண்டுகளில் இருக்கு. ஆறு மாசம், ஒரு வருஷம் தள்ளிப்போனால் உங்க எதிர்காலம் இடிந்து விழாது. மூன்றரை வட்டியை அடைப்பதைவிட நிச்சயமான லாபம் தரும் ஃபண்ட் எதுவும் சந்தையில் கிடையாது.

வீட்டில் மறைக்கும் எண்

பணக் கவலையில் பாதி, கடனால் வருவது. மீதிப் பாதி, அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதால் வருவது. இரண்டாவது பாதிக்கு வட்டி எந்த ஸ்டேட்மெண்டிலும் தெரியாது.

நம்ம வீடுகளில் இந்த ரகசியம் பல நேரம் ஆஃபர் லெட்டரிலேயே ஆரம்பிக்குது. "பையனுக்கு ஏழு லட்சம் பேக்கேஜ்" என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடுவார். ஏழு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 58,000. ஆனால் சி.டி.சி-யில் கம்பெனி கட்டும் பி.எஃப் இருக்கு, கிராஜுவிட்டி இருக்கு, வருஷக் கடைசியில் வந்தால் வரும் வேரியபிள் பே இருக்கு. அதையெல்லாம் கழித்து, உங்க பங்கு பி.எஃப் போக, கைக்கு வருவது வேற எண். அந்த வித்தியாசத்தை யாரும் வீட்டில் விளக்குவதில்லை. "அறுபதாயிரம் வாங்குறவன் பதினைந்தாயிரம் அனுப்ப மாட்டானா" என்று அவர்கள் நினைப்பதில் தப்பும் இல்லை. அவர்களிடம் இருக்கும் எண் அது.

பே ஸ்லிப்பை எடுத்து வைங்க. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக் காட்டுங்க. "அப்பா, இவ்வளவுதான் கைக்கு வருது. இவ்வளவு கடன் இருக்கு. அடுத்த பத்து மாசம் இவ்வளவுதான் அனுப்ப முடியும், அப்புறம் பழையபடி அனுப்பறேன்." இந்த மூணு வாக்கியத்துக்கு நிறைய தைரியம் வேணும், எனக்குத் தெரியும். ஆனால் முதல் பட்டதாரி, முதல் சம்பளக்காரர் என்ற இடத்தில் இருக்கும் பிள்ளைகள் இதைச் சொல்லத் தயங்கி லோன் ஆப்பில் போய் நிற்கிறார்கள். வீட்டின் முகம் வாடுவது ஒரு நாள். லோன் ஆப் தரும் தலைவலி எத்தனை மாசம் என்று சொல்ல முடியாது. கல்யாணம் ஆனவர்களுக்கும், நிச்சயம் ஆனவர்களுக்கும் இதே பேச்சு. கணவன் மனைவிக்குள் மறைத்த கடன் தெரியவரும் நாளில் பிரச்சினை தொகையோடு நிற்பதில்லை.

ஏற்கெனவே வசூல் போன்களில் மாட்டியிருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்க. ரிசர்வ் வங்கியின் விதிப்படி வசூல் ஏஜெண்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் உங்களை அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது. உங்க குடும்பத்தையோ நண்பர்களையோ தொந்தரவு செய்து அவமானப்படுத்தக் கூடாது. லோன் ஆப் உங்க காண்டாக்ட் லிஸ்ட், போட்டோக்களுக்குள் நுழையவும் அனுமதி இல்லை. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம், விவரத்துக்கு 14448. ஆபாசமாகப் படத்தை மாற்றி மிரட்டும் கும்பல் என்றால் அது கடன் பிரச்சினையே இல்லை, குற்றம். உடனே 1930-க்கு அழைங்க. கடன் வாங்கியது தப்பில்லை, கட்டத் தாமதமானதும் குற்றமில்லை. ஒரு கடனுக்காக உயிரைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு எந்தத் தொகையும் பெரிசு இல்லை. சட்டப்படி அது ஒரு பாக்கித் தொகை, அவ்வளவுதான்.

மூணு மாசக் காசு இருந்தால் குரல் மாறும்

"என் டென்ஷன் பணத்தால் இல்லை, ஆஃபீஸால்" என்பீங்க. இருக்கலாம். ஆனால் ஆஃபீஸ் டென்ஷனுக்குள்ளும் பணம் ஒளிந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 10 மணிக்கு வரும் கால், காரணமில்லாமல் கத்தும் மேனேஜர், மூணு பேர் வேலையை ஒருத்தர் தலையில் கட்டுவது. இதற்கு "முடியாது" என்று சொல்லத் தடுப்பது எது? அடுத்த மாச இ.எம்.ஐ.

கையில் மூணு மாசக் கட்டாயச் செலவுக்குப் பணம் இருப்பவர் அதே மீட்டிங்கில் வேற மாதிரி உட்காருவார். அவர் வேலையை விடப் போவதில்லை. ஆனால் விட முடியும் என்பது அவருக்குத் தெரியும். எமர்ஜென்சி ஃபண்ட் என்றால் ஆஸ்பத்திரி செலவுக்கு மட்டும் என்று நினைக்காதீங்க. அது உங்க சுயமரியாதைக்கான டெபாசிட்.

கணக்கு சம்பளத்தின் மேல் வேண்டாம், கட்டாயச் செலவின் மேல் போடுங்க. வாடகை, சாப்பாடு, இ.எம்.ஐ, வீட்டுக்கு அனுப்புவது சேர்த்து 25,000 என்றால் இலக்கு 75,000. மலைப்பா இருந்தால் முதல் இலக்கு ஒரு மாச வாடகையும் ஒரு மாச இ.எம்.ஐ-யும். அது சேர்ந்த நாளிலேயே வித்தியாசம் தெரியும். கம்பெனி தரும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையை விட்டால் கூடவே போய்விடும். அதனால் வேலை மாறும் யோசனை இருந்தால், அதற்கு முன்பே தனியா ஒரு ஹெல்த் பாலிசி எடுத்து வைப்பதும் இந்த டெபாசிட்டின் ஒரு பகுதி.

கணக்கு சரியா இருந்தும் மனசு சரியில்லையா?

நான் சொன்ன மூணு வகையிலும் நீங்க வரலை, கணக்கெல்லாம் ஒழுங்கா இருக்கு, ஆனாலும் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பசி இல்லை, பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் இல்லை என்றால், இது ஆடிட்டர் தீர்க்கும் விஷயம் இல்லை. டாக்டரைப் பாருங்க. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். மனநல சிகிச்சைக்கும் உடல் நோய்க்குச் சமமாக இன்ஷூரன்ஸ் தரணும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்லுது. உங்க பாலிசியில் என்ன இருக்கு என்று பாருங்க. பணக் கவலை இருப்பவர்களுக்கும் இந்த எண் பொருந்தும். கணக்கைச் சரி செய்ய நாலு மாசம் ஆகலாம், அதுவரை மனசு தாங்கணும் இல்லையா? நடையும் மூச்சுப் பயிற்சியும் அங்கேதான் உதவும்.

இந்த ஞாயிறு, ஒரு மணி நேரம்

- ஒரு பேப்பரில் எல்லாக் கடனையும் எழுதுங்க: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. நண்பனிடம் வாங்கிய 2,000-ஐயும் விடாதீங்க.
- மேலே சொன்ன மூணு மாதச் சோதனையைச் செய்து உங்க வகையைக் கண்டுபிடிங்க.
- அந்த வகைக்கான ஒரே ஒரு வேலையைத் திங்கட்கிழமை முடிங்க. தேதி என்றால் பில்லிங் தேதி மாத்த ஒரு போன். வட்டி என்றால் லோனாக மாற்ற இரண்டு வங்கியில் விசாரணை. பத்தாக்குறை என்றால் வீட்டுக்கு ஒரு கால்.
- அந்தப் பேப்பரை நம்பிக்கையான ஒருத்தருக்குக் காட்டுங்க.

மொத்தக் கடனைப் பார்க்கும்போது முதல் பத்து நிமிஷம் வயிற்றைப் பிசையும். பயப்படாதீங்க. தலைக்குள் உருவமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது பேப்பரில் ஒரு எண்ணாக வந்துவிட்டால், அதற்கு ஒரு முடியும் தேதியும் கணக்கு போட முடியும். 24 மாசமோ 40 மாசமோ, ஒரு முடிவு தெரிகிற கடனோடு தூங்க முடியும்.

கார்டு பாக்கியை லோனாக மாற்றும்போது பேப்பரில் எந்தெந்த வரியைப் படிக்கணும், எந்தக் கட்டணத்தைப் பேசிக் குறைக்கலாம் என்பதை அடுத்த வீடியோவில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வைத்தே காட்டறேன். அதற்குள் உங்க பேப்பரைத் தயார் பண்ணி வைங்க.